வரையாடு பார்க்க ராஜமலைக்குப் போகிறவர்களுக்கு: ஒரு தையல்காரியின் குறிப்பு

உடுமலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். காட்டைப் பற்றிப் படித்தவள் இல்லை. 2018 அக்டோபரில், குறிஞ்சி பூத்திருக்கிறது என்று ஊரே கிளம்பியபோது நானும் என் மகனைக் கூட்டிக்கொண்டு, மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவில் இருக்கும் ராஜமலைக்குப் போனேன். பூவைப் பார்த்தோம். திரும்பி நடக்கும்போது கூட்டம் திடீரென்று ஒரு பக்கமாக ஓடியது. "ஆடு, ஆடு" என்று சத்தம். நாங்களும் ஓடினோம். பத்தடி தூரத்தில் ஒரு வரையாடு நின்றது. மகன் கையில் இருந்த கடலைமிட்டாயை நீட்டினான். நான் போனைத் தூக்கினேன். அவ்வளவுதான், ஆடு பாறை விளிம்புக்குப் போய், அப்படியே கீழே இறங்கி மறைந்துவிட்டது. போனில் விழுந்தது வாலும் பின்னங்காலும் மட்டும்.

அங்கே நின்ற வனத்துறை வாட்சர் எங்களைத் திட்டினார். முதுவர் என்கிற மலைப் பழங்குடிக்காரர், வயசானவர். மிட்டாயை உள்ளே வைக்கச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, "அக்கா, ஓடினா ஆடு போயிரும். உக்காந்தா ஆடு வரும்" என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இதுவரை ஏழு தடவை போய்வந்துவிட்டேன். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த வரியின் விரிவுதான்.

முதலில் எப்போது போவது என்று சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி, மார்ச்சில் போகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஆடுகள் குட்டி போடும். அதற்காகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பொதுவாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். சரியான தேதியை வனத்துறை ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. கிடாக்கள் பெட்டைக் கூட்டத்தோடு சேர்ந்து மோதிக்கொள்வது அப்போதுதான். ஆனால் மூடுபனியில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. குட்டிகளைப் பார்க்க ஆசையென்றால் கதவு திறந்தவுடன் ஏப்ரலில் போங்கள். நிதானமாக எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. டிசம்பரில் குளிர் கடுமை, ஸ்வெட்டர் இல்லாமல் போய் நடுங்கியிருக்கிறேன். எந்த மாதமானாலும் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

எங்கள் ஊரிலிருந்து போகும் வழியே பாதி பாடம். உடுமலையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டியதும் முள்ளுக்காடு. அடுத்தது சின்னாறு சரணாலயம், அது மழை மறைவுப் பகுதி. நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் இருக்கும் வறண்ட காடு. மறையூரில் சந்தன மரங்கள், கம்பி வேலிக்குள். அங்கிருந்து ஏறினால் தேயிலை. லக்கம் அருவி தாண்டி, தேயிலைக்கு மேலே தலை நிமிர்த்திப் பார்த்தால் மொட்டைப் பாறையும் புல்லும் தெரிய ஆரம்பிக்கும். முள்ளுக்காட்டிலிருந்து புல்மலைக்கு ஒரு காலை நேரத்துக்குள் வந்துவிடுகிறோம். பஸ்ஸில் தூங்காதீர்கள். யானை நடமாடும் ரோடு என்பதால் பகலிலேயே கடந்துவிடுவது நல்லது.

இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசல் மூணாறு போவதற்கு முன்பே, ரோட்டோரத்திலேயே வந்துவிடும். மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். ஆனால் நம்மை விடுவது ராஜமலைப் பகுதிக்கு மட்டும்தான். டிக்கெட்டை முன்கூட்டி ஆன்லைனில் எடுத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். சொந்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும். அது தேயிலைத் தோட்டம் வழியாக மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். அதற்கு மேல் தார் ரோட்டில் நடை. ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. ஆனைமுடிக்கு ஏறலாமா என்று ஒவ்வொரு தடவையும் யாராவது கேட்கிறார்கள். முடியாது. 2,695 மீட்டர், இமயமலைக்குத் தெற்கே அதைவிட உயரமான சிகரம் கிடையாது. அதைக் கீழிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். யானையின் மத்தகம் போலவே இருக்கும்.

காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆடு மேய்வது காலையிலும் சாயங்காலமும்தான். பதினோரு மணி வெயிலில் அது பாறை நிழலில் படுத்து அசை போடும். படுத்த ஆட்டையும் பாறையையும் பிரித்துப் பார்ப்பது பழகின கண்ணுக்கே சிரமம்.

மலையைப் படிப்பது

ஆட்டைத் தேடுவதற்கு முன் மலையை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். நான் அதைச் சேலையாகத்தான் பார்ப்பேன். விரித்த முந்தானை போல் சரிவு முழுக்கப் புல். கொசுவம் மடிந்த இடங்களில், அதாவது மலை மடிப்புகளில், கருகருவென்று சோலைக்காடு. மரங்கள் குட்டையாக, தலை உருண்டையாக, ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். புல்லுக்கும் சோலைக்கும் நடுவே கத்தரியால் வெட்டினது போல ஒரு கோடு. புல்வெளியில் அங்கங்கே தனியாக நிற்கும் முறுக்கின மரம் காட்டுப்பூவரசு. குளிர்காலத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும்.

ஏன் மேலே மரம் இல்லை என்று முதல் தடவை நான் யோசித்தேன், யாரோ வெட்டிவிட்டார்கள் என்று. இல்லை. திறந்த சரிவில் ராத்திரி உறைபனி விழும், மரக்கன்று கருகிவிடும். காற்றும் மெலிசான மண்ணும் சேர்ந்துகொள்ளும். மடிப்புக்குள் ஈரமும் மறைவும் இருப்பதால் அங்கே மரம் பிழைக்கிறது. நீலகிரியில் சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்து, இந்தப் புல்வெளிகள் பல்லாயிரம் வருடப் பழையவை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இது புரியவில்லை. புல்வெளியைச் சும்மா கிடக்கிற தரிசு என்று நினைத்தார்கள். நீலகிரியில் அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த நம்மவர்களும் சீகை மரமும் (வாட்டில்) தைலமரமும் நட்டு எவ்வளவோ புல்லை இழந்தோம். இரவிகுளத்தில் அந்தக் கதை வேறு மாதிரிப் போனது. தேயிலைத் துரைமார் வேட்டைக்காகக் கட்டிக்காத்த இடம் இது, காவலுக்கு முதுவர்களை வைத்துக்கொண்டார்கள். 1971இல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. வேட்டைக்காரர்கள் காப்பாற்றிய ஆடு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

இன்னொன்று. இந்தப் புல்லும் சோலையும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகின்றன. மேற்கே ஓடுவது பெரியாற்றுக்கும் சாலக்குடி ஆற்றுக்கும் போகிறது. கிழக்குச் சரிவுத் தண்ணீர் பாம்பாறாக இறங்கி, சின்னாற்றோடு கூட்டாற்றில் கலந்து, எங்கள் அமராவதி அணைக்கு வருகிறது. அந்த அணையின் வாய்க்காலில் ஓடுவது எங்கே புறப்பட்டது என்று தெரிந்த பிறகு, நான் மலையைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

சரி, ஆடு. இந்தச் சேலையில் ஆடு எங்கே நிற்கும்? புல் முடிந்து பாறை ஆரம்பிக்கிற ஓரத்தில். புல் அதன் சாப்பாடு, பாறை அதன் வீடு. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் செங்குத்துப் பாறையில் இறங்கிவிட்டால் போதும், எதுவும் பின்னால் வராது. அதனால் பாறையை விட்டு அது ரொம்ப தூரம் போவதில்லை. வரை என்றால் மலை, மலையின் பக்கம். பேரிலேயே முகவரி இருக்கிறது. பழைய பாட்டுகளில் வருடை என்று வருவதும் இதைத்தான் என்கிறார்கள்.

உட்காருவது

பைனாகுலர் வேண்டும். நான் முதலில் வாங்கியது இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கடைக்காரர் ஆசை காட்டிய ஒன்று. கை நடுக்கமும் இருபது மடங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆடும் மலையும் சேர்ந்து ஆடின. காசு போனதுதான் மிச்சம். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். காலை மங்கல் வெளிச்சத்துக்கு அந்த 42 உதவும். முழங்கையை முட்டியில் ஊன்றிப் பிடித்தால் படம் ஆடாது, ஊசியில் நூல் கோக்கிற மாதிரி.

ரோட்டோரத்தில் எதிர்ச்சரிவு நன்றாகத் தெரியும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் பைனாகுலரை எடுக்கவே வேண்டாம். வெறுங்கண்ணால் மலையின் விளிம்புக் கோட்டைப் பாருங்கள். வானத்துக்கு எதிரே ஒரு கொம்பு தெரிந்தால் முடிந்தது வேலை. மந்தை மேயும்போது ஒன்று, பெரும்பாலும் ஒரு வயசான பெட்டை, உயரமான பாறையில் நின்று காவல் பார்க்கும். அது நிற்கிறதென்றால் கீழே மற்றவை இருக்கின்றன. விளிம்பில் ஒன்றும் இல்லையா? இப்போது பைனாகுலரை எடுத்து, சரிவை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் பிரித்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பட்டையாகப் பாருங்கள். துணியில் பழுது தேடும்போது அப்படித்தான் தேடுவேன். கண்டபடி அலைந்தால் பழுது கண்ணில் படாது.

பாறையைப் பார்க்கும்போது நிறத்தை நம்பாதீர்கள், கோட்டைப் பாருங்கள். ஆட்டின் முதுகு படுக்கைவாட்டில் ஒரு கோடு. பாறை வெடிப்புகள் பெரும்பாலும் சாய்வாகவும் நெட்டாகவும் இருக்கும். படுக்கைக் கோடு தெரிந்த இடத்தில் சித்த நேரம் நில்லுங்கள். காது அசையும்.

மூடுபனி வந்துவிட்டதா? எழுந்து போகாதீர்கள். கூட்டம் அலுத்துப்போய் பஸ்ஸுக்குத் திரும்பும். இதுதான் நல்ல நேரம். என் இரண்டாவது பயணத்தில் முக்கால் மணி நேரம் வெள்ளைத் துணிக்குள் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது, யாரோ விசிலடித்த மாதிரி. பனி விலகியபோது ரோட்டுக்கு இந்தப் பக்கமே ஒன்பது ஆடுகள். சீழ்க்கை அவற்றின் எச்சரிக்கைக் குரல் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்துதான் அடித்திருக்குமோ என்னவோ.

ராஜமலை ஆடுகளுக்கு மனிதர்கள் பழகிப்போய்விட்டார்கள். சில சமயம் ரோட்டையே கடக்கும். அப்போது நீங்கள் நகரக் கூடாது, அது நகரட்டும். தொடாதீர்கள், எதையும் நீட்டாதீர்கள். ஆட்டுக்கும் பாறைக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். அதன் வீட்டு வாசலை மறித்தது போல ஆகிவிடும். பிளாஸ்டிக் பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதைப்பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

யார் யார்

ஆட்டைப் பார்த்துவிட்டால் பாதிப் பேர் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் சுவாரசியமே. தைக்கிறவளுக்கு ஆளைப் பார்த்ததும் அளவும் நிறமும்தான் கண்ணில் படும்.

கறுப்புக்குப் பக்கமான அடர் பழுப்பு உடம்பு, முதுகில் வெள்ளி ஜரிகை போட்டாற்போல் ஒரு சேணம்: அது முதிர்ந்த கிடா. எண்பது, நூறு கிலோ வரை போகும். முகத்தில் நெற்றியிலிருந்து மூக்கை நோக்கி வெளுத்த கோடு இறங்கும். கொம்பு தடித்து, வரிவரியாக, பின்னோக்கி வளைந்திருக்கும். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் இந்தச் சேணக்காரர்கள் பெட்டைக் கூட்டத்தோடு இருப்பது குறைவு, தனியாகவோ நாலைந்து பேராகவோ திரிவார்கள். அதனால் முதல் பயணத்திலேயே கிடைக்கவில்லையென்று வருத்தப்பட வேண்டாம். எனக்கு நாலாவது தடவைதான் கிடைத்தது.

சாம்பல் கலந்த பழுப்பு, மெலிந்த கொம்பு, கிடாவில் பாதி எடை: பெட்டை. முன்னங்கால் முட்டியில் ஒட்டுப் போட்டது போல ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். சேணம் இன்னும் வராத இளங்கிடாவைப் பெட்டையென்று நினைத்து நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். கொம்பின் அடித்தடிமனைப் பாருங்கள், அதுதான் காட்டிக்கொடுக்கும். குட்டிக்கும் போன வருடத்துக் குட்டிக்கும் வித்தியாசம் காண நான் காதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: கொம்பு காதைத் தாண்டாவிட்டால் குட்டி என்று எழுதுவேன். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான்.

தாடி தேடாதீர்கள், இந்த ஆட்டுக்குத் தாடி கிடையாது. பேர்தான் ஆடு. 2005இல் மரபணுவைப் பார்த்தவர்கள், இது இமயமலையில் இருக்கும் 'தார்' என்கிற காட்டாட்டை விடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று சொல்லி, இதற்கென்று தனிப் பேரினமே வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகத்திலேயே தமிழ்நாட்டு, கேரள மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டும்தான் இருக்கிறது.

எண்ணுங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும் (பேனா பனியில் ஊறிவிடும்). தேதி, நேரம், பனியா வெயிலா, எந்த வளைவிலிருந்து பார்த்தேன், சேணக்கிடா எத்தனை, இளங்கிடா எத்தனை, பெட்டை, போன வருடத்துக் குட்டி, இந்த வருடத்துக் குட்டி. கூட்டத்தை மூன்று தடவை எண்ணுங்கள். மூன்றும் வேறு வேறாக வரும், பயப்பட வேண்டாம். ஒன்று பாறைக்குப் பின்னால் போயிருக்கும், ஒன்று எழுந்திருக்கும். பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூட்டம் மறுசரிவில் திரும்ப வந்தால் புதிதென்று சேர்த்துவிடாதீர்கள். அதற்குத்தான் வகைவாரியாக எழுதுவது. 2 சேணம், 7 பெட்டை, 5 குட்டி என்று இரண்டு இடத்திலும் அதே கணக்கு வந்தால் அது பழைய கூட்டம்தான். பெட்டைக்கு எத்தனை குட்டி என்கிற கணக்குதான் மந்தையின் உடல்நிலையைச் சொல்கிறது.

அரசு எண்ணுவதும் ஏறக்குறைய இப்படித்தான், ஆட்களும் நாட்களும் கூடுதல். 2025 ஏப்ரலில் இரண்டு மாநிலமும் ஒரே சமயத்தில் எண்ணின. தமிழ்நாட்டில் 1,303, கேரளாவில் 1,365. கேரளக் கணக்கில் பாதிக்கு மேல் இந்த இரவிகுளத்தில்தான். மொத்தமே 2,668. எங்கள் தெருவில் இருக்கும் ஜனத்தொகை அதைவிட அதிகம் இருக்கும்.

ஆடு ஒளிந்திருக்கும் நேரத்தில் மற்றதைப் பாருங்கள். சோலைக்குள்ளிருந்து 'ஹூ ஹூ' என்று அடித்தொண்டையில் வரும் சத்தம் கருமந்தி. புல்லில் தத்தித் தத்தி ஓடும் பழுப்புக் குருவி நீலகிரி நெட்டைக்காலி, இந்த உயரப் புல்வெளிகளை விட்டால் அதற்கு வேறு இடமில்லை. குறிஞ்சிப் புதர் பூக்காத வருடத்தில் வெறும் பச்சைச் செடிதான், ஆனால் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2006, 2018, அடுத்தது 2030.

மலையாள எல்லை தாண்ட முடியாதவர்களுக்கு ஒரு வழி: ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. அந்தப் பாறைச் சுவர்களில் வரையாடு அடிக்கடி தென்படும். வண்டியை வளைவிலேயே நிறுத்திவிடாதீர்கள், காட்சிமுனையில் ஓரம் கட்டுங்கள். அங்கே குரங்குத் தொல்லை உண்டு, தின்பண்டம் வெளியே தெரியக் கூடாது. ராஜமலையின் அமைதி அங்கே கிடைக்காது, ஆனால் பாறையில் ஆடு ஏறுவதைப் பார்க்க அதுதான் நல்ல இடம். குளம்பின் ஓரம் கெட்டி, நடுவில் ரப்பர் போல மெத்து. செருப்புத் தைப்பவர் பார்த்தால் பொறாமைப்படுவார்.

போன ஏப்ரலில் மறுபடி ராஜமலைக்குப் போனோம். மகன் இப்போது காலேஜ். அந்தப் பெரியவரைக் காணவில்லை, வேறொரு பையன் வாட்சராக நின்றான். எட்டரை மணிக்கு உட்கார்ந்தோம். ஒன்பதே காலுக்கு விளிம்பில் ஒரு பெட்டை வந்து நின்றது. பின்னாலேயே கூட்டம் இறங்கியது, குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குதித்துக்கொண்டு. ஆளுக்கு மூன்று தடவை எண்ணினோம். நான் 22 என்கிறேன், அவன் 23 என்கிறான். கடைசி வரை ஒத்துவரவில்லை. நோட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.